திரும்பிப் பார்க்கிற சிலந்தி

செமிலிங் பக்கம் பையன்கள் சண்டைச் சிலந்தியைத் தீப்பெட்டியில் வளர்ப்பதுண்டு. ஒட்டிக்கிடக்கும் இரண்டு இலைகளைப் பிரித்தால் ஆள் உள்ளே இருப்பான். பக்கத்தில் விரலை அசைத்தால் போதும், சட்டென்று திரும்பி நம்மையே பார்ப்பான்.

அதற்கு எட்டுக் கண்கள். ஓரக்கண்கள் அசைவுக்கானவை, 'ஏதோ நகருது' என்று சொல்லி உடம்பைத் திருப்பிவிடும். அது இரையா, எதிரியா, ஜோடியா என்று கண்டுபிடிப்பது முன்னால் உள்ள இரண்டு பெரிய கண்கள். அவற்றின் பார்வை மிகக் குறுகியது. லென்ஸ் அசையாது; உள்ளே விழித்திரைதான் நகர்ந்து நகர்ந்து எதிரில் இருப்பதைத் துண்டு துண்டாகத் துழாவும்.

அப்படிப் பார்த்த ஒன்றை நசுக்க நமக்குக் கை வராது. அதே கைதான் மூலையில் வலை பின்னும் சிலந்தியை விளக்குமாற்றால் இழுத்துப் போடுகிறது. அதற்கும் கண் உண்டு. வலையின் அதிர்வை நம்பி வாழ்வதால் நம் பக்கம் திரும்புவதில்லை, அவ்வளவுதான்.

அப்போ நம் இரக்கம் உயிருக்கா, நம்மைப் பார்த்த பார்வைக்கா? பார்வைக்குத்தான் என்றால் அது இரக்கமே இல்லை, பதில் மரியாதை என்பேன். இன்று தோட்டங்களில் வேலை செய்யும் வங்காளதேசத் தொழிலாளர்கள் பலர் நம்மை ஏறிட்டுப் பார்க்காமலே கடந்துபோகிறார்கள். நம் ஓரக்கண்ணுக்கு அவர்கள் தெரிகிறார்கள், ஏதோ நகர்வதாக. முகத்தைத் திருப்ப வேண்டியது நாம்தான்.