உத்தரவும் அழைப்பும்

வீரனின் பயணத்துக்கு ஜோசப் கேம்பல் 1949இல் ஒரு வரைபடம் தந்தார்: அழைப்பு வரும், நாயகன் தயங்குவான், பிறகு எல்லை தாண்டுவான். டிம் ஓ'பிரையனின் ‘த திங்ஸ் தே கேரிட்’ (1990) நூலில் உள்ள ரெய்னி ஆற்றுக் கதையை அதில் பொருத்தினால் சங்கடம்தான். 1968 ஜூனில் கதைசொல்லிக்கு வியட்நாம் போருக்கான கட்டாய ஆள்சேர்ப்புக் கடிதம் வருகிறது. அதுவே அழைப்பு என்றால் போனவன் வீரன். கதைசொல்லியோ, போனதால்தான் தன்னைக் கோழை என்கிறான். என் வாசிப்பில் கடிதம் வெறும் உத்தரவு, அழைப்பது மனசாட்சி. போருக்குப் போகாமல் ஓடிவிட எண்ணும் அவனைப் படகில் ஏற்றிச் செல்லும் கிழவர் எல்ராய், கனடாக் கரைக்குச் சில கஜ தூரத்தில் அதை நிறுத்திவிட்டு, பேசாமல் தூண்டில் போடுகிறார். புராணத்து குரு என்றால் வாளோ வரமோ தந்திருப்பார். குதிக்க முடியாமல் இவன் அழுகிறான்.

சட்டத்துக்குப் பணிந்தவனைக் கோழை எனலாமா, அவன் ஓடினால் இன்னொருவன் போக வேண்டுமே என்று கேட்கலாம். வலுவான கேள்வி. சாக்ரடீஸும் சிறையிலிருந்து தப்ப மறுத்தவர்தான். ஆனால் அவர் தன்மேல் விழுந்த அநீதியைத் தாங்கினார், பிறருக்கு அநீதி செய்ய ஒப்பவில்லை. இவனோ தவறென்று தானே கருதும் போருக்குப் போகிறான். அவனைத் தள்ளுவது சட்டப்பற்று அல்ல, ஊர் என்ன சொல்லும் என்ற வெட்கம். ஓடுவது ஒன்றே வழி என்பதும் இல்லை. ஆஸ்திரிய விவசாயி ஃப்ரான்ஸ் யேகர்ஷ்டேட்டர் ஹிட்லருக்காகப் போரிட மறுத்து, 1943 ஆகஸ்ட் 9இல் தலை வெட்டப்பட்டார். கத்தோலிக்கத் திருச்சபை அவரை முக்திப்பேறு பெற்றவராக அறிவித்தது 2007இல்தான். வரத்தோடு ஊர் திரும்பும் கேம்பலின் கடைசிக் கட்டம் அவருக்கு வாய்க்கவே இல்லை.