உண்டியல் யாருடையது?

2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் தத்தளித்தபோது, நம் விழுப்புரத்துச் சிறுமி ஒருத்தி தன் உண்டியல்களைத் திறந்தாள். எட்டு ஒன்பது வயதிருக்கும். சைக்கிள் வாங்க நான்கு ஆண்டுகளாகச் சேர்த்த காசு, ஏறக்குறைய ஒன்பதாயிரம் ரூபாய். தொலைக்காட்சியில் வெள்ளத்தைப் பார்த்தவள், அத்தனையையும் நிவாரணத்துக்குக் கொடுத்துவிட்டாள். செய்தி அறிந்த ஹீரோ சைக்கிள் நிறுவனம் அவளுக்குச் சைக்கிள் தர முன்வந்தது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்தச் சைக்கிளில் கொண்டுபோய் முடிக்கிறார்கள். கொடுத்தால் கடவுள் திருப்பிக் கொடுப்பார் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கொடுத்த அன்று அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இனிச் சைக்கிள் இல்லை. நற்செய்தியில் வரும் ஏழைக் கைம்பெண் இரண்டு காசுகளைப் போட்டுவிட்டுப் போனாள். பிறகு அவளுக்கு என்ன கிடைத்தது என்று மாற்கும் எழுதவில்லை, லூக்காவும் எழுதவில்லை. இயேசு அவளைக் கூப்பிட்டுப் பாராட்டியதாகவும் இல்லை. சீடர்களைத்தான் கூப்பிட்டுக் காட்டினார். ஒன்று மட்டும் நிச்சயம். அவள் போட்டது அவளுடைய காசு.

நம் பிள்ளைகளுக்குக் காசு எங்கிருந்து வருகிறது? ஆனி ஆடியில் வேப்பங்கொட்டை பொறுக்கிக் காயவைத்துக் கடையில் போடுகிறார்கள். திண்டிவனத்துப் பக்கம் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, பேர்போன மண். எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையமே அங்கே இருக்கிறது. லீவு நாளில் பாட்டியோடு உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டை உடைத்து, படிக்கு இவ்வளவு என்று பிள்ளைகள் வாங்கிக்கொள்வார்கள். தாத்தாவுக்கு நரைமுடி பிடுங்கிவிட, முடிக்கு ஒரு ரூபாய் கேட்கிற பேத்திகளும் உண்டு. பத்து முடிக்கு அஞ்சு ரூபாய்தான் என்பார் அவர். அவளோ கறுப்பு முடியையும் சேர்த்துப் பிடுங்கிக் கணக்குக் காட்டுவாள். அந்தப் பேரத்தில் எழுகிற சிரிப்பு கடவுள் வீட்டுக்குத் தந்த கொடை என்றே நம்புகிறேன்.

குடும்பக் கடனுக்காகச் செங்கல் சூளையில் கல் புரட்டும் பிள்ளையை இதோடு சேர்க்காதீர்கள். 14 வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம், கடவுள் முன்னிலையில் பாவம். அப்படி ஒரு பிள்ளையைக் கண்டால் 1098-க்குச் சொல்லுங்கள்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். மகளிர் குழுத் தவணைக்குப் பணம் குறைகிறது. வாசலில் சிலிண்டர்காரர் நிற்கிறார். பிள்ளை பள்ளிக்கூடத்தில். உண்டியலைக் கவிழ்த்து ஹேர்பின்னால் நெம்பி எடுக்கிறோம். சாயந்தரம் போட்டுவிடலாம் என்று நினைக்கிறோம். போடுவதில்லை. உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியும். எடுக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். கேட்டு எடுங்கள். "அம்மாவுக்கு முந்நூறு ரூபாய் வேணும், தர்றியா கண்ணு?" என்று கேட்டால், அன்றைக்கு அந்த வீட்டைத் தாங்கியவள் அவள். கேட்காமல் எடுத்தால், தான் உழைத்த காசும் தன்னுடையது இல்லை என்றுதான் அவள் மனதில் பதியும். பெண் பிள்ளைகளுக்கு இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பார்க்கிறோமே! மாதம் முழுக்க வேலை செய்து, ஏடிஎம் கார்டைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்குக் காசு கேட்டு நிற்கிற சகோதரிகள் எத்தனை பேர்! விழுப்புரத்துச் சிறுமியின் காசை வீட்டில் யாராவது இடையில் எடுத்திருந்தால், கொடுப்பதற்கு அவளிடம் என்ன இருந்திருக்கும்?

சற்று நேரத்தில் காணிக்கை எடுப்பார்கள். அவசர அவசரமாகப் பத்து ரூபாயைப் பிள்ளை கையில் திணித்து, "போடு, போடு" என்போம். அது உங்கள் காணிக்கை, நீங்களே போடுங்கள். அடுத்த ஞாயிறு உன் காசிலிருந்து ஏதாவது கொண்டுவர விருப்பமா என்று வீட்டில் பிள்ளையைக் கேளுங்கள். ஒரு ரூபாய் கொண்டுவந்தாலும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வோம். "கேரம் போர்டு வாங்கச் சேக்கறேன், தர மாட்டேன்" என்று சொன்னால் திட்டாதீர்கள், சாமி கோபித்துக்கொள்வார் என்று பயமுறுத்தவும் வேண்டாம். நன்றாகச் சேர் என்று சொல்லிவிடுங்கள்.