கரைக்குக் கீழே இருப்பவர்கள்

2021 ஜூலை 18 அதிகாலை, கொட்டும் மழையில் மும்பையின் செம்பூர் பாரத் நகரில் ஒரு சுற்றுச்சுவர் வீடுகளின்மேல் சரிந்து ஏறக்குறைய 20 பேர் மாண்டார்கள். இப்படிச் சாவு விழும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது: அங்கே போய்க் குடியிருக்கச் சொன்னது யார்? தாராவித் தமிழர்களுக்கும் இந்தக் கேள்வி பழகியதுதான். தனியாருக்குச் சொந்தமான சிறிய மண் அணைகளைப் பற்றிப் பேசும்போதும் இதுவே எழுகிறது. தன் நிலத்தில் தன் பணத்தில் ஒருவர் கரை போட்டார். அப்போது கீழே வெறும் காடு. பின்னால் வீடுகள் வந்தன. அந்த உயிர்களுக்கும் அவர் பொறுப்பா?

சட்டம் உயரத்தை அளக்கிறது. 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீட்டருக்குள் இருந்து நீளம், கொள்ளளவு போன்ற நிபந்தனைகளில் ஒன்றுக்கு உட்படுபவற்றையும் கண்காணிப்பில் கொண்டுவருகிறது. உரிமையாளர் தனியாராக இருந்தாலும் விலக்கில்லை. ஆனால் 9 மீட்டர் கரை அதன் வரம்புக்கு வெளியே நிற்கிறது, அடியில் ஓர் ஊரே இருந்தாலும்.

அணைகளின் அபாய வகைப்பாட்டின் நோக்கமே வேறு. கரை எவ்வளவு உறுதியானது என்பதை அது சொல்வதில்லை. உடைந்தால் யாருடைய உயிர் போகும் என்பதைச் சொல்கிறது. ஆகவே கரையில் ஒரு கூடை மண்கூட மாறாமல் அணையின் வகை மாறிவிடலாம். கீழே குடும்பங்கள் வந்தாலே போதும்.

கென்யாவின் சோலாயில் 2018 மே 9 இரவு ஒரு பெருந்தோட்டத்தின் தனியார் அணை உடைந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். நீர் தேங்கியதால் பயன் பெற்றது தோட்டம். உயிரை இழந்தவர்கள் அடிவாரத்து ஏழைகள்.

உரிமையாளர் தரப்பிலும் நியாயம் உண்டு. ஓர் ஆலைக்காரரின் நீர்த்தேக்கம் உடைந்து பக்கத்துச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்த வழக்கில், கவனக்குறைவு இல்லாவிட்டாலும் நீரைத் தேக்கியவரே பொறுப்பு என்று 1868-இல் இங்கிலாந்தில் தீர்ப்பானது. ஆனால் கார்வேட்டிநகரம் ஜமீனின் ஏரிகள் பெருமழையில் உடைந்து ரயில் பாதையைச் சிதைத்தபோது, 1874-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அந்த விதியைப் பொருத்தவில்லை. ஏரிகள் ஊர்ப் பாசனத்துக்கானவை, அவற்றைப் பராமரிப்பது ஜமீன்தாரின் கடமை, அவர் அலட்சியமாக இருக்கவில்லை என்பது அதன் வாதம். ஏரிகளை நம்பி வாழ்ந்த தமிழ்நாட்டுக்கு இது அந்நியமான வாதமல்ல. செலவுக்கு அஞ்சி எல்லாரும் கரையை வெட்டிவிட்டால் கிணறுகள் வற்றும்.

ஆனால் அந்தத் தீர்ப்பும் அலட்சியத்துக்கு இடம் தரவில்லை. மண் கரை பெரும்பாலும் முன்னறிவிப்பில்லாமல் உடைவதில்லை. தெளிந்த நீர் கசிந்தால் கவனிக்க வேண்டும். கலங்கிய நீர் கசிந்தால் கரையின் உள்மண் அரித்துப் போகிறது என்று பொருள். உபரி நீர் வெளியேறும் கலிங்கல் அடைபட்டால் வெள்ளம் கரைமேல் வழிந்து அதை அறுத்துவிடும். மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்துத் திவரே அணை, அரசுடையது, 2019 ஜூலை 2 இரவு உடைந்து சுமார் 20 பேரைக் கொண்டுபோனது. கசிவு பற்றி ஊரார் முன்பே முறையிட்டிருந்தார்கள். நண்டுகள் துளைத்ததே காரணம் என்றார் மாநில அமைச்சர் ஒருவர். நண்டு துளைக்கும்தான், அதைப் பார்த்து அடைப்பதற்குத்தானே பராமரிப்பு?

பிந்தி வந்தவர்கள் என்பதால் அவர்களின் உயிருக்கு மதிப்புக் குறையாது. மலிவான நிலம் எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் ஏழை குடியேறுகிறார். மேலே கலிங்கல் அடைபட்டிருப்பதை அவர் அறிய வழியில்லை. அறிய முடிந்தவரும் தடுக்க முடிந்தவரும் உரிமையாளர். ஆகவே கரையைச் சோதிப்பதும், நிலைமையைக் கீழே இருப்பவர்களுக்குச் சொல்வதும் அவருடைய தட்ட முடியாத கடன். செலவு வேறு விஷயம்: நீர் ஊர்க் கிணறுகளை ஊறவைத்தால் அரசும் பங்கேற்கட்டும், ஒரு பழத்தோட்டத்துக்கோ கேளிக்கை விடுதிக்கோ மட்டும் பயன்பட்டால் முழுவதையும் அவரே ஏற்க வேண்டும். 10 மீட்டருக்குக் குறைந்த கரையானாலும், கீழே ஆள் குடியிருந்தால் அதைப் பதிவேட்டில் ஏற்றி ஒவ்வொரு பருவமழைக்கு முன்பும் சோதிக்க மாநில அரசுகள் சட்டம் செய்ய வேண்டும்.