மங்கிப்போகும் பின்னணி

50 எம்.எம். லென்ஸ் வாங்கியதும் நாம் முதலில் பழகுவது பின்னணியை அழிக்கத்தான். அப்பர்ச்சரை எஃப் 1.8-க்குத் திறந்தால் முகம் மட்டும் கூர்மையாக நிற்கும், மற்றதெல்லாம் கரைந்துவிடும். ஞாயிறு விடியலில் காசிமேடு போனால் இந்தப் பழக்கத்தைப் பார்க்கலாம். மீன் விற்கும் அக்காவின் முகச் சுருக்கம் கிடைக்கும். கூடை, ஐஸ், பேரம் பேசும் ஆள் எதுவும் கிடைக்காது. "செம ஷாட் மச்சி" என்போம். அவர் உழைப்பு எங்கே போச்சு?

மங்கல் பாவம் இல்லை. எதை அழிக்கிறோம் என்று தெரிந்து அழிப்பது வேறு, அழகாக இருக்கிறதே என்று அழிப்பது வேறு. எஃப் 8-க்கு மூடி, நாலடி பின்னால் வந்து பாருங்கள். வெளிச்சம் குறைவுதான், ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் நாய்ஸ் வரும், வரட்டும். இப்போது பின்னால் இருப்பதற்கெல்லாம் இடம் தேட வேண்டும். நகரணும், குனியணும், காத்திருக்கணும். அதற்குள் அவர் நிமிர்ந்துவிடுவார். "இன்னா தம்பி, மீன் வாங்கலியா, படம்தான் புடிப்பியா?"

அதற்கு உண்மையான பதில் சொல்லவும், "வேணாம்பா" என்றால் கேமராவை இறக்கவும் பழகுவதும் இந்தக் கலையில் தேறுவதுதான். இதற்கு எந்த லென்ஸும் உதவாது.