சிக்கல்ல வேர்க்கிற வேலவன்



போன சித்திரைல காரைக்கால் அம்மையார் கோயில்ல கும்பிட்டுட்டு, நானும் நண்பனும் சிக்கலுக்கு நடந்தோம். "சிங்காரவேலனைப் பார்க்கிற வரைக்கும் பச்சத்தண்ணி தொடமாட்டேன்"னு அவன் நேர்ந்துக்கிட்டான். பக்தியாச்சேன்னு நானும் தடுக்கல. கிளம்பினதே 8 மணிக்கு. திருமலைராயன்பட்டினம் தாண்டினதும் கெண்டைக்கால் இழுத்துது. தலை சுத்தி உட்கார்ந்துட்டான். கடைக்கார அம்மா ஒருத்தங்க நிழல்ல உட்கார வச்சு, உப்புப் போட்ட மோர் கொடுத்து, "ஏந்தம்பி, உன் சாமி தண்ணி குடிக்காதேன்னாரா?"ன்னாங்க.

சூரசம்ஹாரத்துக்கு முதல் நாள் வேல் வாங்கும்போது, சிக்கல்ல அந்தத் திருமேனியே வேர்க்கும்னு சொல்வாங்க. பட்டுத்துணியால ஒத்தி எடுப்பாங்க. அப்பனுக்கே வேர்க்குது, நமக்கு வேர்க்காதா? அதுவும் நம்ம கடற்கரைக் காத்துல ஈரம் அதிகம். வேர்வை காய்ஞ்சாத்தான் உடம்பு குளிரும். இங்க அது சீக்கிரம் காயாது. உப்புதான் வீணாப் போகும்.

இப்பல்லாம் 4 மணிக்கே கிளம்பிடுறோம். 11லேர்ந்து 3 வரைக்கும் நிழல்ல படுக்கை. பையில ஓஆர்எஸ் பாக்கெட், தலையில ஈரத்துண்டு. யாராவது உடம்பு கொதிச்சு உளற ஆரம்பிச்சா, விபூதி மட்டும் பூசிட்டு நிக்காதீங்க. உடனே 108. வண்டி வர்ற வரைக்கும் உடம்பெல்லாம் தண்ணி ஊத்தி விசிறுங்க. நினைவில்லாதவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க.

நண்பனோட நேர்த்தியா? சிங்காரவேலன்கிட்ட மன்னிப்பு கேட்டு மாத்திக்கிட்டான். இந்த வருஷம் நடந்து போறவங்களுக்கு அவன் கையால நீர்மோர்.