ஒரே ஒரு கதவு

பெரியதோர் இரயில் நிலையம். புதிதாகக் கட்டப்பட்டது. பளிங்குத் தரை, பளிச்சிடும் விளக்கு, தானே ஏறித் தானே இறங்கும் மின்படிக்கட்டு, எல்லாம் உண்டு. ஓர் ஓரத்திலே, சக்கர நாற்காலிப் படம் தீட்டப்பட்ட கதவொன்று. அதே கதவில், பக்கத்திலேயே, குழந்தையின் படமும்! கதவு மூடியிருக்கிறது. வெளியே, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி ஒரு பெண் காத்திருக்கிறார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், கால் மணி நேரம். வண்டி புறப்படும் வேளை நெருங்குகிறது. காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து அவர் ஒரு வாய்த் தண்ணீர் அருந்தவில்லை. தாகம் இல்லாமலா? இல்லை! அருந்தினால் போக வேண்டுமே, போக இடம் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற அச்சம். நாவை உலரவிட்டுப் பயணம் செய்வது அவருக்குப் பழகிப்போன ஒன்று.

கதவு திறக்கிறது. தோளிலே குழந்தை, கையிலே பை, முகத்திலே களைப்பு. இளந்தாய் ஒருத்தி வெளியே வருகிறாள்.

"இவ்வளவு நேரமா, அம்மா? எனக்கென்று இருப்பது இந்த ஒரே ஒரு அறைதானே!" என்கிறார் காத்திருந்தவர்.

"நான் என்ன செய்வேன், அக்கா? குழந்தை துணியை அழுக்காக்கிவிட்டான். பெண்கள் அறையிலே துணி மாற்றப் பலகை இல்லை, இங்கேதான் வைத்திருக்கிறார்கள். ஈரத் தரையிலா கிடத்துவேன், பச்சிளங்குழந்தையை?" என்கிறாள் தாய்.

கூட்டம் கூடுகிறது. தீர்ப்புக் கூற நம் நாட்டில் ஆள் பஞ்சம் ஏது! "பச்சைக் குழந்தை, ஐயா! குழந்தையும் தெய்வமும் ஒன்று. அதற்கு எதிரே உரிமை பேசலாமா?" என்கிறார் ஒருவர். "பாவம், நடக்க முடியாதவர். கடவுள் அப்படிப் படைத்துவிட்டார். நாம்தான் இரக்கம் காட்ட வேண்டும்" என்கிறார் மற்றொருவர்.

இந்தக் காட்சி நம் கற்பனைதான். ஆனால் இத்தகைய பூசல் கற்பனையன்று. ஒரே அறையை இருவகைத் தேவையினர்க்கு ஒதுக்கிவிட்ட நாடுகளிலெல்லாம், யார் முதலில், யார் எவ்வளவு நேரம், யாருக்கு உரிமை என்ற கேள்வி எழுந்தபடி இருக்கிறது. கழிப்பறையைப்பற்றி ஏட்டில் எழுதுவதா என்று மூக்கைச் சுளிப்போர் இருக்கக்கூடும். சுளிக்கட்டும்! மனிதனை மனிதன் எப்படி மதிக்கிறான் என்பதைக் கோபுரத்தின் உச்சியிலே அளந்து பார்த்தது போதும். கழிப்பறை வாயிலிலே அளந்து பார்ப்போம்.

கூட்டத்தார் கூறிய இரு தீர்ப்புகளையும் முதலில் ஆராய்வோம். ஒருவர் பாசத்தைத் துலாக்கோலாக்கினார், மற்றவர் பரிதாபத்தை. தேவை எது, அதைத் தீர்க்கும் வழி எத்தனை என்று இருவருமே கேட்கவில்லை. கடவுள் படைத்தார் என்கிறார் நண்பர். இருக்கட்டும். அந்த நிலையத்தின் படிக்கட்டுகளைக் கட்டியவர் யார்? கடவுளா? பொறியாளர் அல்லவா! மற்ற கழிப்பறைகளின் வாயிலைச் சக்கர நாற்காலி நுழைய முடியாத அளவுக்குக் குறுக்கியது யார்? விதியா? வரைபடம் அல்லவா! கால் நடக்காதது உடலின் நிலை. உள்ளே நுழைய முடியாமற்போனது நாம் செய்த வேலை. நாம் செய்த வேலைக்கு இரக்கம் பரிகாரமாகாது, திருத்தம்தான் பரிகாரம்.

'ஊனமுற்றோர்' என்ற சொல்லை அகற்றி, 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லை வழங்கினார் கலைஞர். பிற்காலத்தில் அவரே சக்கர நாற்காலியில் அமர்ந்து பொதுவாழ்வை நடத்தினார். சொல் மாறியது, பெருமைதான். ஆனால் வாயில்கள் சொல்லோடு சேர்ந்து அகலமாயினவா? 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுத்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதனை இருபத்தொன்றாக விரித்தது. பொதுக் கட்டடங்கள் அனைவரும் அணுகத்தக்கனவாக வேண்டும் என்றும் அது பணித்தது. அதன் பின்னரும், 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் குறுக்கிட்டு, வெறும் வழிகாட்டுதல்கள் போதா, மீற முடியாத கட்டாயத் தரங்கள் வேண்டும் என்று கூறவேண்டிய நிலை இருந்தது. ஏட்டிலே உரிமை, கதவிலே பூட்டு! திறந்து பார்த்தால் உள்ளே துடைப்பமும் வாளியும் குடியிருக்கும் காட்சியைக் காணாதவர் உண்டா?

அந்த அறைதான் எத்தகையது? மற்ற அறைகளைவிடப் பெரிது. ஆகவே அது சொகுசு என்று எண்ணுகிறார்கள் சிலர். உடை மாற்ற நுழைகிறார்கள்; தொலைபேசியில் உரையாட நுழைகிறார்கள்; வரிசை நீளமாக இருக்கிறதே என்று நுழைகிறார்கள். "காலியாகத்தானே இருந்தது" என்கிறார்கள். அந்தப் பெரும் பரப்பில் வீண் என்று ஒரு முழம்கூட இல்லை என்பதை அவர்கள் அறிவதில்லை. சக்கர நாற்காலி ஒரு முறை சுழன்று திரும்ப, ஒன்றரை மீட்டர் குறுக்களவுள்ள வட்டம் வேண்டும். நாற்காலியிலிருந்து மலத்தொட்டிக்கு உடலை நகர்த்திக்கொள்ள, தொட்டியின் பக்கத்திலே வெற்றிடம் வேண்டும். பற்றிக்கொள்ளச் சுவரிலே கம்பி வேண்டும். உள்ளே இருப்பவர் விழுந்துவிட்டால், அவர் உடலே கதவைத் தடுத்துவிடாதபடி, கதவு வெளிப்புறம் திறக்க வேண்டும். இவை சொகுசா? மற்றவர்கள் நினையாமலே பெறுகிற ஒன்றை, இவர் பெறுவதற்கான குறைந்த அளவு ஏற்பாடு!

"அவர்களுக்கு மட்டும் தனியறையா?" என்று கேட்கும் குரல் நமக்குப் புதிதன்று. வகுப்புரிமை கேட்டபோதும் இதே குரல்தானே ஒலித்தது! ஆயிரம் கதவுகள் தமக்குத் திறந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. பிறர்க்கென ஒதுக்கிய ஒரு கதவு மட்டும் கண்ணை உறுத்தும். ஒதுக்கீடு என்பது சலுகையன்று. அடைபட்ட கதவுகளுக்கு ஈடாகத் திறந்துவைத்த கதவு. அரசுப் பணியிலே அது உண்மையென்றால், கழிப்பறையிலும் அது உண்மைதான்.

சரி, தாயைப்பற்றி என்ன சொல்வது? அவள் சொகுசு தேடி நுழைந்தவள் அல்லள். துணி மாற்றும் பலகையை அந்த அறையிலே பொருத்தி, கதவிலே குழந்தைப் படத்தையும் தீட்டி, "இங்கே வா" என்று அவளை அழைத்ததே நிர்வாகம்தான். சக்கர நாற்காலியில் இருந்தவரும் குற்றவாளியல்லர், தாயும் குற்றவாளியல்லள். இரண்டு தேவைகளுக்கு ஓர் அறையைக் கட்டிவிட்டு, இருவரையும் மோதவிட்டவன் எவனோ, அவன் அந்தக் கூட்டத்திலேயே இல்லை! ஒரு துண்டு ரொட்டியை இரண்டு பசித்தவர் நடுவே எறிந்துவிட்டு, அவர்கள் சண்டையிடும்போது "பண்பாடற்றவர்கள்" என்று பழிப்பவன் கதைதான் இது. ஆகவே முதல் கோபம் அங்கே திரும்ப வேண்டும், வரைபடம் தீட்டிய மேசைமீது.

ஆனால், "தனித்தனி அறை வரும்வரை என்ன செய்வது?" என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. நாளை வரப்போகும் அறையைக் காட்டி, இன்று காத்திருப்பவரை ஏமாற்றலாகாது. ஒரு நெறி வேண்டும். நான் காணும் நெறி இது: யாருக்கு எத்தனை கதவுகள் திறந்திருக்கின்றன என்று எண்ணிப்பார், குறைவான கதவுடையவர்க்கு முதலிடம் கொடு.

"குழந்தையின் தேவை அற்பமா?" என்று கேட்பர். அற்பமன்று. அழுக்குத் துணியோடு கிடந்தால் அதன் தோல் புண்ணாகும், அது அழும், தாய் துடிப்பாள். ஆயினும், குழந்தையின் தேவை இடம் மாறக் கூடியது. தூய விரிப்பொன்று இருந்தால், காத்திருப்போர் கூடத்து இருக்கையிலும் அது நிறைவேறும். மற்றவரின் தேவை இடம் மாறக் கூடியதன்று. அந்தக் கம்பியும், அந்த வெற்றிடமும், அந்த அகன்ற கதவும் இல்லாத இடத்தில் அது நிறைவேறவே நிறைவேறாது. இருவரும் ஒருசேர வந்து நின்றால், முதலில் போக வேண்டியவர் யார் என்பது இதிலிருந்தே விளங்கும். பலகை அங்கு மட்டுமே இருக்கிறதெனில், வேறெவரும் காத்திராத வேளையில் தாய் அதனைப் பயன்படுத்துவது முறையே. ஆனால் வேலை முடிந்ததும் வெளியேறுவதும் முறை. பாலூட்டவும் தாலாட்டவும் ஏற்ற இடமன்று அது. கழிப்பறையில் அமர்ந்தா குழந்தைக்கு உணவு ஊட்டுவது? 2015இல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் தாய்மார்க்கெனத் தனியறைகள் திறக்கப்பட்டன. எந்தக் கட்சியின் ஆட்சி என்று பாராமல் பாராட்டத் தக்க செயல். அதன் அடுத்த படி, துணி மாற்றும் இடமும் தனியே அமைவது.

வெளியேறும்போது செய்ய வேண்டியவையும் சில உண்டு. சின்னஞ்சிறு செயல்கள், ஆனால் ஒருவரின் மானம் அவற்றில் தொங்குகிறது. சுவரிலே மடக்கி வைக்கும் பலகையை விரித்தபடியே விட்டுச் செல்கிறோம். அடுத்து வருபவர் சக்கர நாற்காலியில் அமர்ந்து, அதை எட்டவும் முடியாமல், கடக்கவும் முடியாமல் திகைக்கிறார். குப்பைக் கூடையைத் தொட்டியின் பக்கத்து வெற்றிடத்தில் இழுத்துப் போட்டுவிடுகிறோம். வெற்றிடந்தானே என்று! அதுதான் அவர் நாற்காலி நிற்க வேண்டிய இடம். சில நாடுகளில் இத்தகைய அறைகளில் சிவப்புக் கயிறொன்று தரைவரை தொங்கும். அது காலில் இடறுகிறது என்று சுருட்டி மேலே கட்டிவிடுகிறார்கள். அது ஏன் தரைவரை தொங்குகிறது? தரையில் விழுந்து கிடப்பவர் இழுத்து உதவி கேட்பதற்காக! நாம் இட்ட முடிச்சு, ஒருவருடைய கூக்குரலின் கழுத்தில் இட்ட முடிச்சாகிறது.

இனி மற்றோர் ஆபத்து. நெறியைக் கற்றவுடனே காவலராகிவிடும் ஆர்வம் சிலருக்கு எழும். "நீ நன்றாகத்தானே நடக்கிறாய்? இந்த அறையில் உனக்கென்ன வேலை?" என்று வாயிலில் நின்று வழக்காடுவர். தோற்றத்தை வைத்து மனிதனை எடைபோடும் பழக்கம் நம்மைவிட்டு இன்னும் போகவில்லை! குடலில் அறுவை செய்து வயிற்றிலே பை பொருத்தியவர், நடுக்க நோயர், நரம்பு நோயர் எனப் பலர் நம்மிடையே நடமாடுகிறார்கள். சட்டை மறைத்திருக்கிறது, நமக்குத் தெரிவதில்லை.

பெரியாரை நினைத்துப் பாருங்கள். தம் இறுதி ஆண்டுகளில், சிறுநீர் வெளியேறக் குழாய் பொருத்திய நிலையில், அதற்கான கலத்தையும் சுமந்துகொண்டு, ஊர் ஊராகச் சென்று பேசினார். 1973 டிசம்பர் 19 அன்று சென்னை தியாகராய நகரில் இறுதிப் பேருரை. ஐந்தாம் நாள் மறைவு. தொண்ணூற்று நான்கு வயது. அந்த வலியோடும் அந்தக் கலத்தோடும் மேடையேற அவர் நாணவில்லை. ஏனெனில் உடலின் இயற்கையிலே இழிவு இருப்பதாக அவர் கருதவில்லை. அவரை 'அய்யா' என்றழைக்கும் நாம், அதே நிலையிலுள்ள ஒருவரை வாயிலில் நிறுத்தி, "சான்று காட்டு" என்று கேட்பதா? ஒழுக்கம் என்பது நம்மை நாமே கேட்டுக்கொள்ளும் கேள்வி. பிறரை நிறுத்திக் கேட்கும் கேள்வியன்று. "எனக்கு வேறு கதவு உண்டா?" என்று கேட்டுக்கொள்வோம். உண்டெனில் அங்கே செல்வோம்.

பிரிட்டனில் 1981 முதல் ஒரு முறை இருந்து வருகிறது. இவ்வறைகள் பலவற்றைப் பூட்டி வைத்து, எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே வகைச் சாவியைத் தேவைப்படுவோரிடம் கொடுத்துவிடுகிறார்கள். தகாதோர் நுழைவது குறைகிறது. ஆனால் சாவியை மறந்தவர் நிலை? மக்களின் மனத்திலே இருக்க வேண்டிய பூட்டைக் கதவிலே மாட்டிய ஏற்பாடு அது. அதே நாட்டில் 2006இல் தொடங்கிய மற்றோர் இயக்கம் வேறு உண்மையை உணர்த்தியது: துணி மாற்ற வேண்டியவர்கள் குழந்தைகள் மட்டுமல்லர்! கடும் குறைபாடுடைய வளர்ந்தோரும் உளர். குழந்தைப் பலகை அவர்களைத் தாங்காது. கழிப்பறைத் தரையில் கிடத்தித் துணி மாற்றும் கொடுமை நடந்து வந்தது. பெரியவர்களுக்கான பலகையும் தூக்கியும் கொண்ட அறை, இங்கிலாந்தில் 2021 முதல் புதிய பெரும் பொதுக் கட்டடங்களில் கட்டாயமாயிற்று.

பலகையைத் தனியே வைப்பதென்றால் எங்கே வைப்பது? "பெண்கள் அறையில்" என்று சட்டெனப் பதில் வரும். ஏன், தந்தைக்குக் கை இல்லையா? பலகையைப் பெண்கள் அறையில் மட்டும் மாட்டுவோர், குழந்தையின் அழுக்கைத் துடைப்பது பெண்ணுக்கே விதித்த வேலை என்று சுவரிலே சாத்திரம் எழுதுகிறார்கள். அமெரிக்காவில் 2016ஆம் ஆண்டுச் சட்டமொன்று, பொதுமக்கள் வந்துபோகும் நடுவண் அரசுக் கட்டடங்களில் ஆண்கள் அறையிலும் பலகை வேண்டும் என்றது. இரு அறையிலும் பலகை இருந்தால், நாம் கண்ட காட்சியில் சண்டையே இல்லை.

அந்த இரயில் நிலையத்துக்கு மீண்டும் வருவோம். தாய், நாற்காலியில் இருப்பவரைப் பார்த்து, "மன்னியுங்கள், அக்கா, பலகையை மடக்கிவிட்டேன், உள்ளே வழி இருக்கிறது" என்கிறாள். அவர், "உன்மீது கோபமில்லை, அம்மா. வண்டி ஏறியதும் இருவரும் சேர்ந்து நிலைய அதிகாரிக்கு ஒரு முறையீடு எழுதுவோம்" என்கிறார். கூட்டம் கலைகிறது, சுவை குன்றிய வருத்தத்தோடு! கலையட்டும். அந்த முறையீட்டில் மூன்றாவது கையெழுத்து நம்முடையதாக இருக்கட்டும்.

பிறப்பைக் காட்டி மூடப்பட்ட கதவுகளைத் திறக்கப் போராடிய மரபிலே வந்தவர்கள் நாம். சூழ்ச்சியால் மூடுவது ஒரு வகை. சிந்தியாமையால் மூடுவது மற்றொரு வகை. வெளியே நிற்பவர்க்கு இரண்டும் ஒன்றுதான். அவர் தயங்காமல் ஒரு குவளைத் தண்ணீர் அருந்திவிட்டுப் பயணம் கிளம்பும் நாள் எதுவோ, அந்த நாளில் சொல்லிக்கொள்வோம், கதவு திறந்தது என்று.