யாருடைய அடை?

போன வருஷம் காரடையான் நோன்பன்று நான் ஒரு தப்புக் காரியம் செய்தேன். தட்டில் வைத்த அடையில் ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு, "இது அடையே இல்லை" என்று சொல்லிவிட்டேன்.

சொன்னது பொய் என்று சொல்வதற்கில்லை. என் மாட்டுப்பெண் ஆபீஸிலிருந்து ஓடி வந்தபோது பஞ்சாங்கத்தில் போட்டிருந்த நேரத்துக்கு ஒரு மணிதான் பாக்கி. காலையிலிருந்து பட்டினி வேறு. கடையில் விற்கிற இடியாப்ப மாவுப் பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டினாள். காராமணியைக் குக்கரில் வைத்தாள். அது இரண்டு விசில் அதிகம் கத்தி, குழைந்து, தோல் ஒரு பக்கமும் பருப்பு ஒரு பக்கமுமாகப் போயிற்று. என் பிள்ளைக்குச் சர்க்கரை வியாதி ஆரம்பமாகியிருக்கிறது. ஆகவே வெல்லம் பாதி. நடுவில் விரலால் ஓட்டை போடுவதற்குக்கூட அவகாசமில்லை. இட்லித் தட்டில் வைத்து எடுத்துவிட்டாள். இத்தனையும் நான் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "வாஸ்தவம்தான் அப்பா. அடுத்த வருஷம் மாவை நீங்களே வறுத்துக் கொடுத்துடுங்கோ" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கோபித்துக்கொண்டு அன்றோடு அதை முடித்திருப்பேன். சாதாரணமாகச் சொன்னதால் அது ஒரு வருஷ காலம் என்னைவிட்டுப் போகவில்லை. வழிவழியாக வருகிற ஒரு பண்டத்தை மாற்ற யாருக்கு உரிமை? மாற்றக் கூடாது என்று சொல்ல யாருக்கு உரிமை? இரண்டாவது கேள்வி எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

இந்த நோன்பு இல்லாத வீட்டு வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில், புருஷனுக்கு ஆயுள் வேண்டிச் சுமங்கலிகளும், நல்ல புருஷன் வேண்டிக் கன்னிப் பெண்களும் மஞ்சள் சரடு கட்டிக்கொள்ளும் விரதம் இது. 'மாசிக் கயிறு பாசி படியும்' என்று வசனம். அதனால் மாசி போவதற்குள் சரடு கழுத்தில் ஏறிவிட வேண்டும். நைவேத்தியம் வெல்ல அடையும் உப்பு அடையும். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் உலர்த்தி, இடித்து, சலித்து, கோலம் போடும் பதத்துக்கு வறுக்க வேண்டும். வறுத்து வேகவைத்த காராமணியும் பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காயும் வெல்லப் பாகில் சேர, மாவைத் தூவிக் கிளறி, வாழையிலையில் தட்டி, ஆவியில் வேகவைக்க வேண்டும். பக்கத்தில் காய்ச்சாத வெண்ணெய். கார் அரிசி மாவினால் செய்ததால் காரடை என்பார்கள்.

சாவித்திரி காட்டில் தனக்குக் கிடைத்த அரிசியையும் காராமணியையும் கொண்டு அடை தட்டிப் படைத்தாள், அதுவே நாமும் செய்கிறோம் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். வனபர்வத்தை நான் எடுத்துப் பார்த்தேன். வியாசர் சொல்கிற சாவித்திரி மூன்று இரவு உபவாசம் இருக்கிறாள், யமன் பின்னால் நடக்கிறாள், வாதாடுகிறாள். அடை தட்டவில்லை. வடக்கே இதே சாவித்திரிக்கு வேறொரு மாதத்தில் ஆலமரத்தடியில் பூஜை நடக்கிறது. பல இடங்களில் அங்கே படைப்பது ஊறவைத்த கடலை. ஆக, அடையைச் சாவித்திரி கையில் கொடுத்தது நம்மூர்ப் பெண்கள். தங்கள் அடுக்களையில் இருந்ததைக் கொண்டு கதையைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். பாட்டி சொன்ன கதையிலும் பார்த்தால், கிடைத்ததை வைத்துச் செய்தாள் என்பதுதானே விஷயம்? காட்டில் இடியாப்ப மாவுப் பாக்கெட் கிடைத்திருந்தால் சாவித்திரி என்ன செய்திருப்பாள் என்று கேட்டாள் என் மனைவி. எனக்குப் பதில் தெரியவில்லை.

காராமணியே இந்த ஊர்க்காரன் இல்லை. அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்கிறார்கள் தாவர சாஸ்திரிகள். மூவாயிரம் வருஷத்துக்கு மேலாக நம் மண்ணில் விளைவதால் நாம் அதை நம்முடையது என்று சொல்லிக்கொள்கிறோம், அவ்வளவுதான். அதே பயறு இன்னொரு வழியாகவும் புறப்பட்டுப் போயிற்று. அட்லாண்டிக் கடலைக் கடந்த அடிமைக் கப்பல்களின் வழி அது. அமெரிக்காவின் தென் மாகாணங்களில் இன்றும் புது வருஷப் பிறப்பன்று காராமணியும் அரிசியும் உப்பிட்ட பன்றி இறைச்சியும் சேர்த்து 'ஹாப்பின் ஜான்' என்று ஒரு சாதம் செய்கிறார்கள். அன்று அதைச் சாப்பிட்டால் வருஷம் முழுவதும் அதிர்ஷ்டம் என்று நம்பிக்கை. இன்று அங்கேயும் பன்றி இறைச்சிக்குப் பதில் வான்கோழி போடுகிறவர்கள் உண்டு, இறைச்சியே இல்லாமல் செய்கிறவர்கள் உண்டு, 'இது ஹாப்பின் ஜானே இல்லை' என்று தட்டைத் தள்ளுகிற என் போன்ற பெரிய மனிதர்களும் உண்டு.

அந்தச் சாதத்தின் செய்முறை 1847-இல் சார்ல்ஸ்டன் நகரத்து ஸாரா ரட்லெட்ஜ் என்ற சீமாட்டி வெளியிட்ட 'கரோலினா ஹவுஸ்வைஃப்' என்ற புத்தகத்தில் இருக்கிறது. ஒரு பவுண்டு இறைச்சி, ஒரு பைண்டு சிவப்புப் பயறு, ஒரு பைண்டு அரிசி. சிவப்புப் பயறு என்று அவள் சொல்வதும் காராமணி ஜாதிதான். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான எட்வர்ட் ரட்லெட்ஜின் மகள் அவள். அந்த நாளில் அந்த ஊர்ப் பெரிய வீடுகளின் அடுக்களையில் நின்றவர்கள் கறுப்பு அடிமைகள். அமெரிக்காவில் அடிமைத்தனம் ஒழிந்தது 1865-இல். புத்தகத்தின் முகப்பில் 'சார்ல்ஸ்டன் சீமாட்டி ஒருத்தி' என்று மட்டும் போட்டிருந்தது. அடக்கமான பெண்மணி போலிருக்கிறது. அடுப்படியில் நின்று அளவு கண்டுபிடித்தவளுக்கு அந்த அடக்கத்துக்குக்கூட வழியில்லை.

இதைப் படித்துவிட்டு நான் அமெரிக்கர்களைப் பற்றிக் கொஞ்ச நேரம் மிகவும் உயர்வான நியாய உணர்ச்சியோடு யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு எனக்கு அத்தை ஞாபகம் வந்துவிட்டது.

அத்தை என் அப்பாவின் தமக்கை. பதினெட்டு வயதில் கணவனை இழந்து எங்கள் திருவல்லிக்கேணி வீட்டுக்கு வந்தவள். நோன்புக்கு நாலு நாள் முன்னாலிருந்து அரிசி களைவது, உலர்த்துவது, உரலில் இடிப்பது, சலிப்பது, வறுப்பது, காராமணி புடைப்பது, தேங்காய் கீறுவது எல்லாம் அத்தை. இலையில் எடுத்துவைத்து நைவேத்தியம் பண்ணுவது மட்டும் அம்மா. அந்த நேரத்தில் அத்தை அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். அவள் கட்டிக்கொள்ளச் சரடு கிடையாது, வேண்டிக்கொள்ள ஆளும் கிடையாது. நானும் என் தம்பியும் வெண்ணெயை எவ்வளவு எடுப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருப்போம்.

அத்தை அடை சிவப்பாக இருக்கும். மற்ற வீடுகளில் மாவை வெளுப்பாக வறுப்பார்கள். எங்கள் வீட்டில் செம்மண் நிறத்துக்கு வறுத்து, கிட்டத்தட்டக் கருகுவதற்கு முந்தைய நிமிஷத்தில் இறக்குவாள். அதில் ஒரு வாசனை உண்டு. அதுதான் சுத்தமான பழைய முறை, மற்றவர்களுக்கு அது மறந்துபோய்விட்டது என்று அப்பா சொல்வார். நானும் அப்படித்தான் நம்பி, பலரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

1974-இல் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மறுவருஷ நோன்பில் என் மனைவி, புதுசாக வந்தவள் என்பதால், "ஏன் அத்தை இவ்வளவு சிவக்க வறுக்கணும்? சாஸ்திரமா?" என்று கேட்டுவிட்டாள். இருபத்தெட்டு வருஷம் அந்த வீட்டில் சாப்பிட்ட எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.

"சாஸ்திரமாவது ஒண்ணாவது" என்றாளாம் அத்தை. "யுத்தத்தும்போது பர்மா அரிசி நின்னு போச்சு. ரேஷன்லே ஏதோ ஒரு அரிசி போட்டான். மக்கின வாடை. வாடை போகட்டும்னு சிவக்க வறுத்தேன். தம்பிக்கு அது பிடிச்சுப் போச்சு. அப்புறம் நல்ல அரிசி வந்தும் விடலை. வெளுப்பா வறுத்தா, மாவு பச்சை வாடை அடிக்கிறதுன்னான்."

பர்மாவை ஜப்பானியர்கள் பிடித்தது 1942-இல். நான் பிறந்தது 1947-இல். ஐந்து வயதேயான ஒரு பழைய முறையைத்தான் நான் ஆயிரம் வருஷத்து சம்பிரதாயம் என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். அதைக் கண்டுபிடித்தவள் அத்தை. பெயர் வாங்கியது 'எங்காத்து அடை'.

இது வேடிக்கையான கதை, சிரித்துவிட்டுப் போகலாம். அதே பேச்சில் அத்தை சொன்ன இன்னொரு விஷயத்தைத்தான் சிரித்துத் தள்ள முடியவில்லை. தெருக்கோடியில் மாவு மில் வந்தபோது அவளுக்கு நாற்பது வயதுக்கு மேல். தோள்பட்டையில் வலி. நோன்பு அரிசியை மில்லுக்குக் கொடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டாளாம். உரலில் இடித்த மாவு ருசி மில் மாவில் வராது என்று அப்பா சொல்லிவிட்டார். அப்பா கொடுமைக்காரர் இல்லை. தமக்கை மேல் உயிர். ருசியைப் பற்றி அவர் சொன்னதும் நிஜம். மில்லில் மாவு சூடேறித்தான் வெளியே வரும். ஆனால் அந்த நிஜத்துக்காக இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் உலக்கை பிடித்தது அவர் தோள் இல்லை. அப்பா போன மறுவருஷம் அத்தை அரிசியை மில்லுக்கு அனுப்பினாள். மாவு வேறு மாதிரி இருக்கிறதே என்று நான் அப்போது ஒரு வார்த்தை சொன்னேன். என்ன சொன்னேன் என்பது ஞாபகம் இருக்கிறது, எழுத மனமில்லை.

அப்படியானால் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். பச்சரிசிக்குப் பதில் சாமையும் தினையும் போடுகிறார்கள். அது எனக்குச் சம்மதமே. காராமணி அகப்படாமல் மொச்சை போட்டால் சற்று முகம் சுளிப்பேன்; சாப்பிட்டுவிடுவேன். மயிலாப்பூரில் நோன்பன்று கடையில் அடையை டப்பாவில் போட்டு, சரடோடு சேர்த்து விற்கிறார்கள். அதை வாங்குகிறவர்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. ஆனாலும் அந்த டப்பாவைப் பார்த்தால் என்னவோ போலிருக்கிறது. அவரவர் சௌகரியம் என்று கைகழுவ முடியவில்லை. அரிசியும் பயறும் வெல்லமும் ஒருத்தி கையில் கூடி, இன்னொருத்தியிடம் போய், கொஞ்சம் மாறி, அவளிடமிருந்து வேறொருத்திக்குப் போனதால்தான் இன்றைக்கு அடை என்று ஒன்று இருக்கிறது. டப்பாவில் அந்தக் கை தெரியவில்லை. கடைக்குப் பின்னாலும் யாரோ ஒரு அத்தை வறுத்துக்கொண்டிருக்கலாம், அவளுக்குக் கூலியாவது கிடைக்கும் என்று என் மனைவி சொல்கிறாள். அதுவும் சரிதான். இந்த இடத்தில் எனக்கு இன்னும் தெளிவு வரவில்லை.

தெளிவாகத் தெரிவது ஒன்றுதான். நான் 'இது அடையே இல்லை' என்றபோது அடையைப் பற்றிப் பேசவில்லை. எனக்காக யாரோ நாலு நாள் முன்னாலிருந்தே அரிசி உலர்த்திக்கொண்டிருக்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேசினேன். பழமையை விட மனமில்லாதவன் என்று அதற்கு நானே ஒரு கௌரவமான பெயரும் வைத்திருந்தேன்.

இந்த வருஷம் மாவை நான் வறுத்தேன். உலக்கை எடுக்கவில்லை, எழுபது வயதுக்கு மேல் அந்த வீரம் வேண்டாம். அரிசியை உலர்த்தி மிக்ஸியில் அரைத்துச் சலித்தேன். சலித்ததில் பாதி சமையலறைத் தரையில் கோலமாயிற்று. மனைவி முழங்கால் வலியோடு நாற்காலி போட்டு உட்கார்ந்து, "கை நிற்கப்படாது, நிற்கப்படாது" என்று அதிகாரம் செய்தாள். அரைப்படி மாவைச் சிவக்க வறுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அடுப்புச் சூடு முகத்தில் அடிக்கிறது, கண் எரிகிறது, கையை எடுத்தால் அடி பிடிக்கிறது. முதல் ஈடு கருகியே போயிற்று.

மாட்டுப்பெண் ஆபீஸிலிருந்து வந்து வாணலியை எட்டிப் பார்த்தாள்.

"ஏன்பா இப்படிச் சிவந்துடுத்து?"

"நம்மாத்து வழக்கம்" என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டு, ரேஷன் அரிசிக் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே அவள் இலையில் எண்ணெய் தடவி அடை தட்டினாள். "அத்தைப்பாட்டிக்கு எந்த அடை பிடிக்கும்? வெல்ல அடையா, உப்பு அடையா?" என்றாள்.

அத்தை 1988-இல் காலமானாள். நாற்பது நோன்பாவது அவள் கையால் சாப்பிட்டிருப்பேன். அவள் ஒரு அடை எடுத்துச் சாப்பிட்டு நான் பார்த்த ஞாபகம் இல்லை. சாப்பிட்டாளா என்று திரும்பிப் பார்த்த ஞாபகமும் இல்லை. என் மனைவியைப் பார்த்தேன். அவளும் தெரியாது என்று தலையை அசைத்தாள்.

நேரமாகிவிட்டதென்று இரண்டு பேரும் சரடு கட்டிக்கொண்டார்கள். அடை நிறம் நன்றாக இருந்தது. காராமணியை ஊறவைக்க மறந்து, வறுத்ததை அப்படியே வேகப்போட்டிருந்தேன் போலிருக்கிறது. நறுக்கு நறுக்கென்று பல்லில் கடித்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.